லே–மணாலி ரோட்ட சொந்த வண்டில ஓட்டப்போறீங்களா? எங்க தூங்கணும், எப்ப கிளம்பணும், எப்படி இறங்கணும்

லடாக் பிளான் போடுற நம்ம ஊர் ஆளுங்க முதல்ல கேக்குறது வண்டியப் பத்திதான். என் வண்டி ஏறுமா, டயர் மாத்தணுமா, ஃபோர் வீல் டிரைவ் இல்லாம முடியுமான்னு. அதெல்லாம் கீழ சொல்றேன். ஆனா மூணு தடவ போய்ட்டு வந்தவன்ங்கிற முறைல சொல்றேன், அந்த ரோட்ல வண்டி நிக்கிறதுக்கு முன்னாடி உடம்பு நின்னுடும். எந்த ராத்திரி எந்த உயரத்துல தூங்குறோம், காலைல எத்தன மணிக்கு கிளம்புறோம், இந்த ரெண்டையும் சரியா போட்டுட்டா பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

உயரம்னா எவ்வளவுன்னு முதல்ல மனசுல வாங்கிக்கோங்க. நம்ம ஊட்டி தொட்டபெட்டா உச்சி 2,637 மீட்டர். லே டவுனே 3,500 மீட்டர். மணாலி போற வழில வர்ற தங்லங் லா 5,328 மீட்டர், அதாவது ரெண்டு தொட்டபெட்டாவ ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கின மாதிரி, அங்க காத்தழுத்தம் நம்ம ஊர்ல இருக்கிறதுல கிட்டத்தட்ட பாதிதான். (லான்னா அந்தப் பக்கத்து பாஷைல கணவாய்தான், அதனால எல்லா பேரும் லா லான்னு முடியும்.) கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறை 40 வளைவு எல்லாம் ஓட்டிப் பழகினவங்களுக்கு ஸ்டியரிங் பிடிக்கிறதுல அங்க ஒரு கஷ்டமும் இருக்காது, கைப்பழக்கம் அப்படியே உதவும். மூச்சுக்கு மட்டும் எந்தப் பழக்கமும் நம்மகிட்ட கிடையாது.

முதல் தடவ நாங்க பண்ணின தப்பு இதுதான். மணாலில காலைல கிளம்பி, ரோடு நல்லா இருக்கு, இன்னும் வெளிச்சம் இருக்கு, போலாம் போலாம்னு ஜிஸ்பாவத் தாண்டி, பராலச்சா லா ஏறி, சாயங்காலம் சர்ச்சுல போய் டென்ட்ல படுத்துட்டோம். சர்ச்சு 4,290 மீட்டர். காலைல 2,050ல இருந்த உடம்பு அது. ராத்திரி 11 மணிக்கு மேல என் கூட வந்த மாமா பையனுக்கு நெத்திப்பொட்டு ரெண்டும் தெறிக்குதுன்னு ஆரம்பிச்சு, ரெண்டு தடவ வாந்தி எடுத்து, ஜெர்கின் ஜிப்ப போட முடியாம கை தடவுறான். கீழ இறக்கிடலாம்னு பாத்தா அப்பதான் மேப்ப ஒழுங்கா பாத்தேன், சர்ச்சுல இருந்து எந்தப் பக்கம் இறங்கணும்னாலும் முதல்ல ஏறணும். மணாலி பக்கம் 4,890 மீட்டர் பராலச்சா லா, லே பக்கம் நகீ லாவும் லாச்சுலுங் லாவும். டென்ட்காரர் கொடுத்த சுடுதண்ணிய ஒவ்வொரு மடக்கா குடிக்க வெச்சு, நாலரை மணிக்கு வெளுக்க ஆரம்பிச்சதும் திருப்பி ஏறி இறங்கினோம். தார்ச்சா வந்ததும் அவனே கண்ணத் தொறந்து டீ கிடைக்குமான்னு கேட்டான், எனக்கு அப்பதான் உயிர் வந்துச்சு. 1,000 மீட்டர்கிட்ட இறங்கினதுதான் வைத்தியம், வேற எதுவும் இல்ல.

அதனால என் சிபாரிசு, முதல் தடவ போறவங்க ஸ்ரீநகர் வழியா ஏறுங்க, மணாலி வழியா இறங்குங்க. ஸ்ரீநகர் 1,600 மீட்டருக்குள்ளதான், அங்கருந்து சோனமார்க், சோஜி லா (3,528), திராஸ், கார்கில்னு போய் கார்கில்ல ஒரு ராத்திரி தூங்கினா அது 2,700 மீட்டர் சுமாரு. மறுநாள் நமிகா லா, ஃபோட்டு லா (4,108, அந்த ரோட்லயே உயரம் இதுதான்) தாண்டி, லமாயுரு மடாலயத்த பாத்துட்டு லே. பகல்ல உயரமா ஏறி ராத்திரி தாழ்வா தூங்குறது, இந்த ரோடு தானாவே உங்கள அப்படி பழக்கிடும். லேல வந்த உடனே ஊர் சுத்தாம ரெண்டு ராத்திரி சும்மா படுங்க. அப்புறம் 5,359 மீட்டர் கர்துங் லா ஏறி அந்தப் பக்கம் நூப்ரா பள்ளத்தாக்குல தூங்குங்க, அது லேயவிட தாழ்வு. இப்படி ஆறேழு நாள் ஆனவங்களுக்குதான் மணாலி ரோடு சுகமா இருக்கும்.

3,000 மீட்டருக்கு மேல போனதும் தூங்குற உயரத்த ஒரு ராத்திரிக்கு 500 மீட்டருக்கு மேல கூட்டாதீங்கன்னுதான் டாக்டருங்க சொல்றாங்க. உயரத்துக்கு உடம்பு பழக உதவுற டயமாக்ஸ் மாத்திரை போடறதா இருந்தா ஊர்லயே டாக்டர கேட்டுட்டு போங்க, சல்ஃபா அலர்ஜி இருக்கிறவங்க கண்டிப்பா கேக்கணும். லேசா தலைவலி எல்லாருக்கும் வரும், பயப்பட வேணாம், ரெஸ்ட் எடுத்தா போய்டும். ஆனா நடை தள்ளாடுது, பேச்சு குழறுது, சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குதுன்னா காலைல பாத்துக்கலாம்னு படுக்க விடாதீங்க, உடனே இறக்கணும்.

சீசன பத்தி ஒரு வார்த்தை. பனி வெட்டி ரோட்ட திறக்கிறது பெரும்பாலும் மே மாசத்துல, நவம்பர் வாக்குல மூடிடும். ஜூன்ல போனா பராலச்சா லால ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் பனிச்சுவர் நிக்கும், பாக்க அவ்வளவு அழகு, ஆனா பனி உருகுற தண்ணி ரோட்டு மேலயே ஓடும். ஜூலை ஆகஸ்ட்ல மணாலி பக்கம் மழை, மண்சரிவு. என்னைக் கேட்டா செப்டம்பர். தண்ணி குறைஞ்சிருக்கும், வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கும், ராத்திரி குளிர் மட்டும் கடுமை.

இப்ப வண்டி. சீசன்ல ஆல்ட்டோ மாதிரி சின்ன வண்டியே போய்ட்டு வருது, அதனால பெரிய வண்டி இல்லையேன்னு யாரும் மனசு உடைய வேணாம், ஆனா அஞ்சு பேர் ஏறி மேல கேரியர்லயும் மூட்டை கட்டினா அடி தட்டும். டர்போ இல்லாத பெட்ரோல் வண்டி உயரத்துல நல்லாவே இழுக்காது, காத்து பாதிதானே, செகண்ட் கியர்ல போற இடத்துல ஃபர்ஸ்ட் கேக்கும், அது ரிப்பேர் இல்ல. பழைய கார்புரேட்டர் பைக் மூச்சு முட்டும், ஃபியூல் இன்ஜெக்‌ஷன் இருந்தா அதுவே சரி பண்ணிக்கும். கிளம்புறதுக்கு முன்னாடி பிரேக் பேட், பிரேக் ஆயில், கூலன்ட், பேட்டரி, ஸ்டெப்னி இந்த அஞ்சையும் உங்களுக்குத் தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட பக்கத்துல நின்னு பாருங்க. ரேடியேட்டர்ல வெறும் தண்ணி ஊத்தி ஓட்டுற பழக்கம் இருந்தா இங்கயே விட்டுடுங்க, உறைஞ்சா எஞ்சின் போச்சு. டயர் காத்து விஷயத்துல ஒண்ணு, மேல போகப்போக வெளிக்காத்தழுத்தம் குறையறதால கேஜ்ல அளவு கூடிக் காட்டும், குளிர் அதக் குறைச்சுக் காட்டும், ரெண்டும் ஓரளவு கழிஞ்சுடும், அதனால கணவாய் உச்சில நின்னு காத்த இறக்காதீங்க. காலைல வண்டி சூடாகுறதுக்கு முன்னாடி பாத்தா போதும்.

பெட்ரோல். லே பக்கம் காரூங்கிற ஊர்ல ஒரு பங்க், அதுக்கப்புறம் மணாலி பக்கம் தாண்டிங்கிற ஊர்லதான். தாண்டி பங்க்ல அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்னு போர்டே வெச்சிருக்காங்க. கார்ல ஃபுல் டேங்க் போதும், ஆனா லோ கியர்லயே போறதால மைலேஜ் அடி வாங்கும், பைக்குல போறவங்க கேன்ல அஞ்சு லிட்டராவது வெச்சுக்கோங்க, கேன முட்ட முட்ட ரொப்பாதீங்க, மேல போனா உப்பும். பணம் கையில வேணும். வெளி மாநில ப்ரீபெய்ட் சிம் லடாக்ல வேலை செய்யாது, போஸ்ட்பெய்ட் வேணும், அதுவும் உப்ஷி தாண்டினா சிக்னல நம்பி எதையும் பிளான் பண்ணாதீங்க, வீட்டுக்கு முன்னாடியே சொல்லிடுங்க, ரெண்டு நாள் போன் வராதுன்னு.

லே–மணாலிய ஒரே நாள்ல அடிக்கிறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு வேணாம். காலைல அஞ்சுக்கு லேல கிளம்பினா காரூல டேங்க் ரொப்பிட்டு, உப்ஷில சிந்து நதிய விட்டுப் பிரிஞ்சு, மெருன் கலர் பாறைக்கு நடுவுல கியா, ரும்ட்சேன்னு கிராமங்களப் பாத்துட்டே தங்லங் லா ஏறிடலாம். உச்சில போட்டோ எடுத்துட்டு கால் மணி நேரத்துல இறங்கிடுங்க, ஓடறது குதிக்கிறது வேணாம். இறங்கினா மோரே சமவெளி. சுமார் 40 கிலோமீட்டர், 4,700 மீட்டர் உயரத்துல மேசை மாதிரி தட்டையா, நேர் ரோடு. இங்கதான் எல்லாரும் காலை அழுத்துவாங்க, நானும் அழுத்தினவன்தான், ஆனா வெளில இருந்து பாக்க தார் ரோடு ஒழுங்கா தெரியும், திடீர்னு ஒரு பள்ளம் வந்தா வண்டி பறக்கும், அறுபதுலயே போங்க, கியாங்னு சொல்ற காட்டுக்கழுதைக் கூட்டம் தூரத்துல நிக்கிறதையும் பாக்கலாம். அது முடிஞ்சா பாங். சாப்பாட்டுக்கடை வரிசையா இருக்கும், ராஜ்மா சோறு சூடா கிடைக்கும்.

பாங்ல இருந்து லாச்சுலுங் லா (5,059), நகீ லா (4,739) ரெண்டும் தாண்டினா கட்டா லூப்ஸ், 21 வளைவு. ஏறுறவங்களுக்கு பொறுமை வேணும், இறங்குற நமக்கு பிரேக் வேணும். எந்த கியர்ல ஏறுவோமோ அதே கியர்ல இறங்கணும்னு நம்ம ஊர் லாரி டிரைவருங்க சொல்ற கணக்கு அப்படியே இங்க பொருந்தும், செகண்ட், இல்லனா ஃபர்ஸ்ட், எஞ்சின் பிடிச்சு நிறுத்தட்டும், வளைவுக்கு முன்னாடி மட்டும் ஒரு அழுத்து, விடு. கால பிரேக் மேலயே வெச்சுட்டு வந்தா பத்தாவது வளைவுல ரப்பர் கருகின வாடை வரும், வந்துச்சுன்னா ஓரமா நிறுத்தி கால் மணி நேரம் ஆற விடுங்க, தண்ணி ஊத்தாதீங்க. நியூட்ரல்ல உருட்டுறது, எஞ்சின் ஆஃப் பண்றது, ரெண்டும் கூடவே கூடாது. ஆட்டோமேட்டிக் வண்டின்னா மேனுவல் மோடுல போட்டு கியர இறக்கி வெச்சுக்கோங்க. ஏறி வர்ற வண்டிக்கு வழி விடணும், அதுதான் மலை ரோட்டு சட்டம். மிலிட்டரி கான்வாய் வந்தா அகலமான இடமா பாத்து ஒதுங்கி எல்லா லாரியும் போகட்டும், நடுவுல புகுந்துடாதீங்க.

அன்னிக்கு ராத்திரி சர்ச்சு. என்னடா, இவ்வளவு நேரம் அங்க தூங்காதேன்னு சொன்னவன்தானேன்னு நினைப்பீங்க. ஒரு வாரம் லடாக்ல இருந்த உடம்புக்கு சர்ச்சு ஒண்ணும் பண்ணாது, கீழ இருந்து ஒரே நாள்ல வந்த உடம்புக்குதான் ஆபத்து. அதோட இங்க தங்கறதுக்கு இன்னொரு பலமான காரணம் இருக்கு, அடுத்து வர்ற பராலச்சா லா, ஜிங் ஜிங் பார் ஏரியால ரோட்டக் குறுக்க ஓடுற தண்ணி, அவங்க நாலான்னு சொல்வாங்க. வெயில் ஏற ஏற பனி உருகும், காலைல கணுக்கால் அளவு இருந்தது மத்தியானம் மூணு மணிக்கு முட்டிக்கு மேல வந்துடும். காலைல ஆறு ஏழு மணிக்குள்ள போய்ட்டா பாதி நாலா இருக்கிறதே தெரியாது.

நாலாவ தாண்டுறதுக்கு அவசரம் வேணாம். இறங்கி நில்லுங்க. முன்னாடி ஒரு லாரியோ ஜீப்போ போகட்டும், அதோட சக்கரம் எங்க இறங்குது, எங்க தூக்குதுன்னு பாத்து அதே தடத்துல போங்க. தண்ணி உங்க சக்கரத்துல பாதிக்கு மேல வரும்னு தோணினா காத்திருங்க. ஃபர்ஸ்ட் கியர், ஆக்ஸிலேட்டர் ஒரே சீரா, நடுவுல கிளட்ச் மிதிக்காம, கியர் மாத்தாம, அடில கல் உருள்ற சத்தம் கேட்டாலும் நிக்காம. பைக்குல போறவங்க கூட வர்றவர இறக்கி நடக்க விடுங்க. கரையேறினதும் ரெண்டு மூணு தடவ பிரேக்க லேசா மிதிச்சு காய வைங்க. குளிர் ராத்திரில ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தினா ஈரம் உறைஞ்சு ஒட்டிக்கும், அதனால கியர்ல போட்டு சக்கரத்துக்கு கல்லு வைங்க, காலைல கிளம்பும்போது அந்த கல்ல ஓரமா எடுத்துப் போட மறந்துடாதீங்க, பின்னாடி வர்றவங்க பாவம்.

பராலச்சா உச்சிக்கு கொஞ்சம் கீழ சூரஜ் தால் ஏரி வரும், வண்டிய நல்லா ஓரங்கட்டிட்டு அஞ்சு நிமிஷம் நின்னு பாருங்க. காலை வெயில்ல அந்த நீலம் வேற எங்கயும் நான் பாக்கல, பாகா நதி அங்கருந்துதான் கிளம்புது. அந்த நதி கூடவே இறங்கி தார்ச்சா, ஜிஸ்பா, கேலாங் வந்து, தாண்டி ஊருக்குப் போனா அங்க சந்திரா நதியோட சேர்ந்து சந்திரபாகா ஆகிடும், அதுதான் செனாப். தாண்டி பங்க்ல பெட்ரோல் போட்டுட்டு, 2020ல திறந்த 9.02 கிலோமீட்டர் அடல் டன்னல் வழியா போனா மதியத்துக்குள்ள மணாலி. பழைய ரோத்தாங் பாஸ் வழியா போக தனியா பர்மிட் வேணும், டன்னலுக்கு வேணாம். டன்னலுக்குள்ள நுழையற வரைக்கும் மொட்டப் பாறை, வெளிய வந்தா ஒரே பச்சை, தேவதாரு வாசம், மூச்சு தானா இறங்கும். மணாலில ரூம் போட்டதும் முதல்ல வண்டிய ஒரு மெக்கானிக்கிட்ட விட்டு பிரேக் பேட கழட்டிப் பாக்கச் சொல்லுங்க, கீழ குலு வரைக்கும் இன்னும் இறக்கம்தான்.