தண்டனைப் பயத்திலிருந்து கிருபைக்கு: விசுவாச வாழ்வில் அன்பைத் தெரிந்துகொள்ளும் வழி

கன்னியாகுமரி மாவட்டத்தில் கிறிஸ்தவக் குடும்பங்களில் பிறந்து வளர்ந்தவர்களில் பலர், இயேசுவின் பெயரைக் கேட்ட வயதிலேயே அவரைக் குறித்த ஒரு பயத்தையும் சேர்த்தே கேட்டிருப்பார்கள். பொய் சொன்னால் இயேசப்பா கண்ணைக் குத்துவார், ஜெபிக்காமல் படுத்தால் பிசாசு வரும், காணிக்கையைக் குறைத்தால் அந்தப் பணம் ஆஸ்பத்திரிக்குப் போகும் என்பன போன்ற பேச்சுகள், சொல்கிறவர்களுக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமலேயே, ஒரு பிள்ளையின் மனதில் தேவனுடைய முகத்தை வரைந்துவிடுகின்றன. அந்தப் பிள்ளை வளர்ந்து, சபையில் பொறுப்பேற்று, வேதாகமத்தைப் பலமுறை வாசித்து முடித்த பிறகும் அந்த முகம் உள்ளே மாறாமல் நின்றுவிடக்கூடும். அதை மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்களுக்காக, சி.எஸ்.ஐ., கத்தோலிக்கம், இரட்சணிய சேனை, பெந்தெகொஸ்தே என்ற வேறுபாடு பாராமல் இதை எழுதுகிறேன்.

எந்தப் பயம் என்று முதலில் இனம் காணுங்கள்

வேதாகமம் எல்லாப் பயத்தையும் தள்ளிவிடச் சொல்லவில்லை. "கர்த்தருக்குப் பயப்படுதலே ஞானத்தின் ஆரம்பம்" என்று நீதிமொழிகள் 9:10 சொல்கிறது, "அன்பிலே பயமில்லை, பூரண அன்பு பயத்தைப் புறம்பே தள்ளும்" என்று 1 யோவான் 4:18 சொல்கிறது. இவை ஒன்றையொன்று மறுப்பதாகத் தோன்றினால் 130-ஆம் சங்கீதத்தைத் திறந்து நான்காம் வசனத்தை வாசியுங்கள்: "உமக்குப் பயப்படும்படிக்கு உம்மிடத்தில் மன்னிப்பு உண்டு." அங்கே மன்னிப்பு முந்தி வருகிறது, மன்னிக்கப்பட்டவனுடைய உள்ளத்தில் எழும் பயபக்தி அதன் பின்னே வருகிறது. யோவான் புறம்பே தள்ளச் சொல்லும் பயமோ, நியாயத்தீர்ப்பு நாளை நினைத்து அடியை எதிர்பார்த்துக்கொண்டே வாழும் பயமாகும்.

உங்களுக்குள் இருப்பது எது என்று அறிய, அது உங்களை எந்தப் பக்கம் நடத்துகிறது என்று கவனியுங்கள். ஏதேனில் ஆதாம் பயந்தபோது மரங்களுக்குள்ளே ஒளிந்துகொண்டான். தாலந்துகளின் உவமையில் மூன்றாம் ஊழியக்காரன், எஜமான் கடினமுள்ள மனுஷன் என்று எண்ணிப் பயந்ததால், தனக்குக் கொடுக்கப்பட்டதை நிலத்தில் புதைத்துவைத்தான். அவன் திருடவில்லை, குடித்து அழிக்கவில்லை, பயந்து ஒன்றும் செய்யாமல் இருந்தான், அவ்வளவுதான். பாவம் செய்த நாளில் ஜெபிக்கவே கூசுகிறீர்கள் என்றால், ஆலயத்துக்குப் போகாத ஞாயிறன்று மாலைவரை ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்று காத்திருக்கிறீர்கள் என்றால், உங்களைப் பிடித்திருப்பது ஆதாமின் பயம். அதை ஒரு தாளில் வெளிப்படையாக எழுதுங்கள். "நான் இதைச் செய்யாவிட்டால் தேவன் எனக்கு இன்னதைச் செய்வார்" என்ற வாக்கியமாகவே எழுதுங்கள். யார் சொல்லி அதை நம்பத் தொடங்கினீர்கள் என்பதையும் நினைவிருந்தால் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மனதில் மங்கலாக இருக்கும்வரை பெரிதாகத் தெரியும் பயம், எழுத்தில் வந்தபின் சுவிசேஷத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கத்தக்க ஒன்றாகிவிடும்.

இழப்பு நேரும்போது தண்டனை என்று முடிவுகட்டாதீர்கள்

பயம் மிக ஆழமாக வேரூன்றும் இடம் இதுதான். தொழில் நொடித்தால், பிள்ளைக்கு நோய் வந்தால், வெளிநாட்டு வேலை கைகூடாமல் போனால், "நான் என்ன பாவம் செய்தேன்" என்ற கேள்வி உடனே எழுகிறது. இதற்கு நம் மண்ணிலேயே ஒரு பழைய பதில் இருக்கிறது. 1712-இல் நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, குடும்பத்தில் நேர்ந்த இழப்புகளால் மனம் சோர்ந்திருந்த காலத்தில், 1741-ஆம் ஆண்டு குளச்சல் போரில் சிறைபிடிக்கப்பட்டுப் பின்னர் திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் படைக்குப் பயிற்சி கொடுத்த டச்சுப் படைத்தலைவர் டிலனாயிடம் தம் துயரத்தைச் சொன்னார். டிலனாய் அவருக்கு எடுத்துச் சொன்னது யோபுவின் கதை: தவறு செய்யாத ஒருவன் எல்லாவற்றையும் இழக்கிறான், அந்த இழப்பு தேவன் அவனை வெறுத்ததற்கு அடையாளமாகவில்லை. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆன அவர், 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். தண்டனைக்குப் பயந்து நின்ற விசுவாசமாக இருந்திருந்தால், அரசனுடைய தண்டனை எதிரில் வந்து நின்றபோது அது மறுபக்கம் சாய்ந்திருக்கும் என்றே நான் எண்ணுகிறேன்.

இயேசுவும் இதை நேரடியாகப் பேசியிருக்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப்பேர் மாண்டதைக் குறிப்பிட்டு, அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரைப்பார்க்கிலும் குற்றவாளிகளாய் இருந்தார்கள் என்று நினைக்கிறீர்களா என்று கேட்டு, அப்படியல்ல என்று தாமே பதில் சொன்னார் (லூக்கா 13:4, 5). மனந்திரும்பும்படி அவர் அழைத்தது கேட்டுக்கொண்டிருந்த உயிருள்ளவர்களை. இறந்தவர்களின் பாவத்தை அளக்கும் வேலையை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் கடல் ஏறி வந்து கொண்டுபோனவர்களையும், 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாத மீனவர்களையும் பற்றிப் பேசும்போது இந்த வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசவேண்டும்.

துக்க வீட்டுக்குப் போகும்போது யோபுவின் நண்பர்கள் முதலில் செய்ததைச் செய்யுங்கள். அவர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். பேசத் தொடங்கியபின், அவன் மறைவாகப் பாவம் செய்திருக்கவேண்டும் என்று காரணம் தேடினார்கள். அந்தப் புத்தகத்தின் முடிவில் தேவன் கடிந்துகொண்டது அவர்களைத்தான். கஞ்சி கொண்டுபோங்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வாருங்கள், அடக்கத்துக்கு வேண்டியதைச் செய்யுங்கள். தேவன் ஏன் இதை அனுமதித்தார் என்பதற்குக் காரணம் சொல்லவேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

காணிக்கையும் பொருத்தனையும்

வருமானத்தில் பத்தில் ஒரு பங்காகிய தசமபாகம் கொடாதவன் சபிக்கப்பட்டவன் என்று மல்கியாவின் மூன்றாம் அதிகாரத்தைக் காட்டி மிரட்டப்பட்டவர்கள், அந்த வசனத்தோடு கலாத்தியர் 3:13-ஐயும் சேர்த்து வாசிக்கவேண்டும். கிறிஸ்து நமக்காகச் சாபமாகி நம்மை மீட்டுக்கொண்டார் என்றால், சிலுவையில் அவர் சுமந்து தீர்த்ததை ஞாயிறுதோறும் காணிக்கைப் பையில் பணம் போட்டுத் தீர்க்கவேண்டியதில்லை. "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்று பவுல் கொடுக்கும் அளவுகோலை (2 கொரிந்தியர் 9:7) வைத்துக்கொண்டு, மாதத் தொடக்கத்திலேயே மனதில் நியமித்து, மகிழ்ச்சியோடு கொடுங்கள். பயத்தில் போடுவதாயிருந்தால் அந்த வாரம் போடாமல் இருப்பதே மேல் என்பது என் கருத்து.

நெருக்கடியில் செய்யும் பொருத்தனைகளும், அதாவது நேர்ச்சைகளும், இப்படித்தான். திருச்சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1505-இல் இடி மின்னலுக்குப் பயந்துதான் துறவியாவேன் என்று நேர்ந்துகொண்டார். அதை நிறைவேற்றியும், மடத்தில் மணிக்கணக்காகப் பாவ அறிக்கை செய்தும் அவருக்குச் சமாதானம் வரவில்லை. நீதி தேவன் தரும் ஈவு என்று ரோமர் நிருபத்தில் கண்டுகொண்ட பிறகுதான் அது வந்தது. பயந்த நேரத்தில் நேர்ந்துகொண்டது தாங்கமுடியாத சுமையாகிவிட்டால், உங்கள் போதகரிடமோ பங்குத்தந்தையிடமோ மறைக்காமல் சொல்லி ஆலோசனை கேளுங்கள்.

திருவிருந்திலிருந்து விலகி நிற்காதீர்கள்

"அபாத்திரமாய்", அதாவது தகுதியற்ற விதமாய், அப்பத்தைப் புசிக்கிறவன் குற்றவாளி என்ற 1 கொரிந்தியர் 11:27-க்குப் பயந்து, ஆண்டுக்கணக்காகத் திருவிருந்துக்கு எழுந்து போகாத பெரியவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். அவர்கள் அதே அதிகாரத்தின் 21, 22-ஆம் வசனங்களைத் தவறாமல் வாசிக்கவேண்டும். கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டு, இல்லாதவர்களைப் பசியோடு வெட்கப்படுத்தினார்கள். பவுலின் கண்டனம் எழுந்தது அங்கேதான். தன் பலவீனத்தை நினைத்துக் கண்ணீரோடு கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவருக்கு எதிராக அந்த எச்சரிக்கை எழுதப்படவில்லை. எழுந்து போங்கள், அந்தப் பந்தி உங்களுக்காகத்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

அந்த எச்சரிக்கையைக் கேட்கவேண்டியவர்கள் வேறு இருக்கிறார்கள். 1806-இல் மிஷனெரி ரிங்கல்தௌபே வந்து மயிலாடியில் ஊழியம் தொடங்கிய காலத்தில், இந்தப் பகுதி திருவிதாங்கூர் ஆட்சியின்கீழ் இருந்தது. கட்டாய வேலையும், தீண்டாமையும், பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்கான மறுப்பும் நம் முன்னோர்களில் மிகப் பலரை அச்சத்தில் வைத்திருந்தன. அந்த உரிமையின் ஒரு பகுதியை அரசு அறிக்கையாகப் பெற 1859 வரை போராட வேண்டியிருந்தது. அவர்களுக்குச் சுவிசேஷம் தலைநிமிர்வாக வந்து சேர்ந்தது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளாகிய நாம், ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணிவிட்டு, வெளியே வந்து திருமணப் பேச்சில் சாதி விசாரித்தால், கொரிந்தியரின் குற்றத்தைத் திரும்பச் செய்கிறோம். பயப்படவேண்டிய ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

பரம்பரைச் சாபம் என்ற பேச்சு

பாட்டன் செய்த பாவம் பேரனைப் பிடித்திருக்கிறது, அதை முறிக்கத் தனி ஜெபம் வேண்டும் என்று யாராவது சொன்னால், எசேக்கியேல் 18-ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசித்துவிட்டு அந்தப் பேச்சை அதோடு முடித்துக்கொள்ளுங்கள். "குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை" என்று அங்கே தெளிவாக இருக்கிறது.

வீட்டில் பிள்ளைகளிடம்

பிள்ளைகளைக் கண்டிக்கவேண்டிய இடத்தில் நீங்களே உங்கள் பெயரில் கண்டியுங்கள். உங்கள் கோபத்தைத் தேவன்மேல் ஏற்றாதீர்கள். "நீ பொய் சொன்னது அம்மாவுக்கு வருத்தமாக இருக்கிறது, போய் உண்மையைச் சொல்லிவிட்டு வா" என்று சொல்வது போதும். குடும்ப ஜெபத்தில் பிள்ளை தூங்கி விழுந்தால், இயேசப்பா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று அதட்டாமல் தூக்கிப் படுக்கவையுங்கள். தவறு செய்த பிள்ளை முதலில் உங்களிடம் ஓடி வருகிறதா, உங்களிடமிருந்து ஒளிகிறதா என்பதைக் கவனித்தால், நாளை அது ஜெபத்தில் தேவனிடம் எப்படி வரும் என்பதை ஓரளவு அறிந்துகொள்ளலாம். லூக்கா 15-இல் இளைய குமாரன் மனப்பாடம் செய்து வந்த மன்னிப்புப் பேச்சை முடிக்கும் முன்பே, தகப்பன் ஓடிப்போய் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு முத்தஞ்செய்தார் என்பதைப் பிள்ளைகளுக்கு அடிக்கடி சொல்லுங்கள். வீட்டுக்குள் வர மறுத்த மூத்தவனைப் பற்றியும் சொல்லுங்கள். எத்தனையோ வருஷமாய் ஊழியம் செய்தும் தகப்பனை அறியாமல் போனவன் அவன்.

பயத்தை எடுத்துவிட்டால் பாவம் பெருகாதா?

இந்தக் கேள்வியைப் பெரியவர்கள் அக்கறையோடுதான் கேட்கிறார்கள். வரி வசூலிக்கிறவனாகிய சகேயு எரிகோவில் காட்டத்தி மரத்தில் இருந்தபோது, இயேசு அவனை மிரட்டவில்லை, கணக்குக் கேட்கவில்லை. இன்றைக்கு உன் வீட்டிலே தங்கவேண்டும் என்றார். ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாக, அதாவது நான்கு மடங்காக, திரும்பச் செலுத்துகிறேன் என்று அவன் சொன்னது அதற்குப் பிறகுதான். பயம் அவனிடமிருந்து அபராதத் தொகையை மட்டும் வாங்கியிருக்கும்.

ஆனால் கிருபை என்ற சொல்லால் அநியாயத்தை மூடக்கூடாது என்பதையும் இங்கே அழுத்தமாகச் சொல்லவேண்டும். அடி வாங்கும் மனைவியிடம், மன்னித்துவிட்டு அந்த வீட்டுக்கே திரும்பிப் போ என்று சொல்வது கிருபை ஆகாது. அது அவளை மீண்டும் பயத்துக்குள் அனுப்புவது. சகேயு திரும்பச் செலுத்தினான். தவறு செய்தவன் திரும்பச் செலுத்தவும், பாதிக்கப்பட்டவர் பாதுகாப்பாக இருக்கவும் சபை துணை நிற்கவேண்டும், தேவைப்பட்டால் காவல் நிலையம்வரை உடன் போகவேண்டும்.

தினமும் செய்யவேண்டியது, உதவி கேட்கவேண்டியது

பழக்கமான பயம் ஒரு பிரசங்கத்தில் போய்விடாது. இரவு ஜெபத்தைப் பாவப் பட்டியலோடு தொடங்குகிறவர்கள், சில வாரங்களுக்கு 103-ஆம் சங்கீதத்தின் எட்டு முதல் பதினான்குவரை உள்ள வசனங்களைச் சத்தமாக வாசித்துவிட்டு, அதன் பிறகு பாவத்தை அறிக்கை செய்யட்டும். அறிக்கை செய்த ஒன்றை மறுநாள் மீண்டும் எடுக்காமல், "இது மன்னிக்கப்பட்டது" என்று சொல்லிக் கடந்து போகட்டும். தனியாகச் செய்யக் கடினமாக இருந்தால், அன்பியம் என்னும் பங்கின் சிறு குழுவிலோ வீட்டு ஜெபக் குழுவிலோ நம்பிக்கைக்குரிய ஒருவரோடு சேர்ந்து ரோமர் எட்டாம் அதிகாரத்தை மெதுவாக வாசிப்பது நல்லது.

இவ்வளவு செய்தும், மன்னிக்கப்படாத பாவத்தைச் செய்துவிட்டேன் என்ற எண்ணம் ஓயாமல் சுற்றிவந்தால், ஒரே ஜெபத்தைச் சரியாகச் சொன்னோமா என்று திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருந்தால், தூக்கமும் உணவும் கெட்டால், அது மருத்துவத்தால் குணமாகக்கூடிய மனநோயின் அறிகுறியாக இருக்கலாம். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேறு இடத்திலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று சொல்கிறவர்களிடம், நெய்யூரிலும் நாகர்கோவிலிலும் மிஷனெரிகளே மருத்துவமனை கட்டினார்கள் என்பதையும், பவுல் லூக்காவைப் "பிரியமான வைத்தியன்" என்று அழைத்தார் என்பதையும் சொல்லுங்கள். முதல்முறை போகும்போது வீட்டார் ஒருவரை உடன் அழைத்துக்கொள்ளுங்கள், என்ன எண்ணம் எத்தனை முறை வருகிறது என்பதை முன்பு எழுதிய அந்தத் தாளிலிருந்தே மருத்துவரிடம் சொல்லுங்கள், மருத்துவம் நடக்கும் காலத்தில் ஜெபத்தைச் சுருக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.