சர்பாஸ்: யாரை விஞ்சினோம், எதில் விஞ்சினோம்?

மொரிஷியஸின் ரோஸ்ஹில் ஊரில், என் வீட்டுத் தாழ்வாரத்தில் மாலை டியூஷன் எடுக்கிறேன். இங்கே அதை லெசோன் என்பார்கள். பிள்ளைகள் கட்டுரையில் ஆசை ஆசையாகப் போட்டு, பாதி நேரம் தப்பாகப் போடும் ஆங்கிலச் சொல் ஒன்று உண்டு: ‘சர்பாஸ்’. திறமையிலோ தரத்திலோ இன்னொருவரை விஞ்சுவது என்று பொருள்.

தப்பு வருவதற்குக் காரணம் பிரெஞ்சு. மொரிஷியஸ் பிள்ளைகளின் காதில் அது விழுந்துகொண்டே இருக்கிறது. ‘தெபாசே’ என்ற ஒரே சொல்லை வைத்து அதில் பஸ்ஸை முந்தலாம், வேக வரம்பைத் தாண்டலாம், அண்ணனையும் மிஞ்சலாம். ஆங்கிலத்தில் மூன்றுக்கும் தனித்தனிச் சொல். பஸ்ஸை முந்தினால் ‘ஓவர்டேக்’. நெடுஞ்சாலையில் 110 என்று பலகை இருக்க, 125இல் பறந்தால் ‘எக்ஸீட்’. படிப்பில் அண்ணனுக்கு மேலே போனால்தான் ‘சர்பாஸ்’.

தமிழ் தெரிந்த பிள்ளைக்கு இதைப் புரியவைப்பது எளிது. “அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு” என்கிறோமே, அந்த மிஞ்சல் எக்ஸீட். “குருவை விஞ்சிய சீடன்” என்கிறோமே, அது சர்பாஸ். எதிரே நிற்பது வரம்பா, ஆளா என்று பாருங்கள். பழைய சாதனையும், மற்றவர்கள் நம்மிடம் வைத்த எதிர்பார்ப்பும்கூட ஆள் பக்கம்தான் சேரும்.

வாக்கியத்தில் போடும்போது யாரை என்பது சொல்லுக்கு அடுத்தே வர வேண்டும். நடுவில் ‘தேன்’ என்ற ஒப்பீட்டுச் சொல் வேண்டவே வேண்டாம். ‘அக்காவை விஞ்சினாள்’ என்றால் தமிழிலும் ‘ஐ’ போதுமே, ‘விட’ எதற்கு? அதற்குப் பிறகு ‘இன்’ போட்டு எதில் என்று சொல்லுங்கள். நம் ஊர் மலைகளையே எடுத்துக்கொள்வோம். பீட்டர் போத் 820 மீட்டர், பிளாக் ரிவர் சிகரம் 828. ‘பிளாக் ரிவர் பீக் சர்பாஸஸ் பீட்டர் போத் இன் ஹைட்.’ எட்டே மீட்டர்தான், ஆனாலும் வாக்கியம் முழுசு. யாரை என்று சொல்லாமல் ‘நன்றாகச் சிறந்தாள்’ என்று மட்டும் எழுத நினைத்தால் ‘எக்ஸெல்’ போடுங்கள். போட்டி வாடை அடிக்க வேண்டுமானால் ‘அவுட்டூ’.

உச்சரிப்பில் அழுத்தம் இரண்டாவது அசையில். பிரிட்டிஷ்காரர் வாயில் ‘ர்’ கேட்காது, ஏறக்குறைய நம் ‘சபாஷ்’ போலவே ஒலிக்கும். பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டால் மறப்பதே இல்லை.

இந்தச் சொல்லின் தொனிதான் எனக்கு முக்கியம். என்னிடம் படிக்கும் பையன் ஒருவனின் அப்பா தையல்காரர், வீட்டில் விடாமல் தமிழ் பேசுகிறவர். தைப்பூசக் காவடிக்கு முந்தின வாரம், இளஞ்சிவப்புத் துணி நூல் சட்டையில் ஒட்டியிருக்க, மகன் நோட்டோடு வந்து நின்றார். “மிஸ், அப்பனை மிஞ்சணும்னு எழுதியிருக்கான். நீங்களும் சரின்னு டிக் போட்டிருக்கீங்க.”

அவர் முகம் வாடியது எனக்குப் புரிந்தது. தமிழில் ‘பெரியவங்களை மிஞ்சிப் பேசாதே’ என்றுதானே வளர்க்கிறோம்! அந்த அதட்டல் ஆங்கிலச் சொல்லில் இல்லை. “அண்ணா, கடைசி வார்த்தையைப் பாருங்க. ‘இன் ஸ்டிச்சிங்’னு போட்டிருக்கான். தையலில் உங்களைத்தான் அளவுகோலா வச்சிருக்கான். கைக்கெட்டாத உயரத்தில் வைத்தவரைத்தான் இப்படிச் சொல்வாங்க” என்றேன். அவர் அந்த வரியை விரலால் தடவித் தடவி மறுபடி படித்தார். “அப்ப விஞ்சணும்னு சொல்லுங்க மிஸ், மிஞ்சணும்னு சொல்லாதீங்க” என்றார். அன்றிலிருந்து நான் வகுப்பில் ‘விஞ்சு’ என்றுதான் பொருள் எழுதிப்போடுகிறேன்.

மறுவாரம் ‘அன்சர்பாஸ்ட்’ சொல்லிக்கொடுத்தேன். இதுவரை யாரும் விஞ்சாத என்று பொருள். ‘மை ஃபாதர்ஸ் ஸ்டிச்சிங் இஸ் அன்சர்பாஸ்ட்’ என்று அந்தப் பையன் எழுதி நீட்டினான். ‘எஸ்’ இரண்டு வர வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது. சிவப்பு மையில் இன்னொன்றைச் சேர்த்து, பக்கத்தில் டிக் போட்டுக் கொடுத்தேன்.