நாற்பத்தெட்டுக் கட்டக் கொப்பி: ஆண்டு வாசிப்புத் திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மேசை லாச்சிக்குள் ஒரு எண்பது பக்கக் கொப்பி கிடக்கிறது. முதல் பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் பன்னிரண்டு மாதத்துக்கும் கட்டம் கீறி, மாதத்துக்கு நான்கு என்று நாற்பத்தெட்டுப் புத்தகங்களின் பெயரை எழுதியிருக்கிறேன். ஜனவரியில் நான்குக்கும் சரி போட்டிருக்கிறது. பெப்ரவரியில் இரண்டுக்கு. மார்ச்சில் ஒன்றுக்கு, அதுவும் பென்சிலால், ஏனென்றால் அந்தப் புத்தகத்தை முக்கால்வாசிதான் படித்தேன். ஏப்ரலிலிருந்து வெள்ளை. பின்பக்கத்தில் மரக்கறிக் கணக்கு இருக்கிறது.

சோம்பல்தான் காரணம் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகொரு நாள் லாச்சியைத் துப்புரவாக்கும்போது கொப்பி கையில் பட்டது. ஆறுதலாக இருந்து பார்த்தால், ஏறத்தாழ ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு பிழை. எனக்கு எப்படிப்பட்ட ஆண்டு வரப்போகிறது என்பதை ஒரு நிமிடம்கூட யோசிக்காமல், ஆசைப்பட்ட புத்தகங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன்.

முதலில் அந்த நாற்பத்தெட்டு. குட்ரீட்ஸ் என்ற வாசகர் இணையத்தளம் 2011இலிருந்து ஆண்டுதோறும் வாசிப்புச் சவால் நடத்துகிறது. ஜனவரி பிறந்தால் ஆட்கள் ஆளுக்கொரு எண்ணை அறிவிப்பார்கள். ஐம்பத்திரண்டு, வாரம் ஒன்று, என்பது பலருக்குப் பிடித்த எண். நான் அடக்கமாக நாலைக் குறைத்ததாக எண்ணிக்கொண்டேன். ஆனால் கணக்கு இப்படி வருகிறது. நான் மட்டக்களப்புக் கல்லடியில் பஸ் ஏறிக் கல்முனையில் வேலைக்குப் போகிறவள். சுமார் நாற்பது கிலோமீற்றர், ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓட்டம். இருக்கை கிடைப்பது, பக்கத்தில் இருப்பவர் கதை கொடுப்பது, காத்தான்குடி நெரிசல் எல்லாம் கழித்தால் உருப்படியாகப் படிப்பது இருபது நிமிடம், பத்துப் பக்கம். ஆண்டுக்கு 230 வேலை நாள் என்று வைத்தால் 2,300 பக்கம். இருநூறு பக்கப் புத்தகமாகப் பார்த்தால் பதினொன்று, பன்னிரண்டு. போயா (பௌர்ணமி) விடுமுறை நாட்களிலும் மழைக்கு வீட்டில் நின்ற நாட்களிலும் இன்னுமொரு ஐந்து. ஆக, பதினேழு. மற்ற முப்பத்தொன்றையும் எந்த நேரத்தில் படிக்கப் போனேனோ தெரியாது.

எண் பெரிதானால் இன்னொரு வினையும் வரும்: கை தானாகவே மெல்லிய புத்தகங்களைத் தேடும். பெப்ரவரியில் நான் சரி போட்ட இரண்டில் ஒன்று அறுபத்துநாலு பக்கச் சிறுநூல். அதே மாதம் நாலாம் வாரத்துக்குப் போட்டிருந்தது எது தெரியுமா? யாழ்நூல். எங்கள் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் பழந்தமிழரின் யாழ்களைப் பற்றியும் இசைக் கணக்குகளைப் பற்றியும் பல ஆண்டு ஆராய்ந்து எழுதியது. 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் காலமானார். ஒரு மனிதர் தன் கடைசிக் காலம் வரைக்கும் உழைத்த நூலுக்கு நான் ஏழு நாள் ஒதுக்கியிருக்கிறேன். நாற்பது பக்கம் தாண்டவில்லை. எண்ணிக்கை வேண்டுமென்றால் பக்கத்தில் வையுங்கள், அல்லது நாட்களில் வையுங்கள். அப்போது தடித்த புத்தகத்தைப் பார்த்து மனம் பின்வாங்காது.

ஆண்டைப் பன்னிரண்டு சம துண்டாக வெட்டியதுதான் அடுத்த பிழை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றப் பிழைகளுக்கெல்லாம் வேர் இங்கேதான் இருக்கிறது.

எங்கள் பக்கம் மாதங்கள் ஒரே அளவில் வருவதில்லை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. வாவி பெருகும், தெருவில் தண்ணீர் நிற்கும், கரண்ட் போகும், வீட்டுக்குள் அடைபட்டுக் கிடப்போம். நீளமான நாவலுக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. ஆனால் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் வயல் வைத்திருப்பவருக்கு அதே மாதங்களில் வெள்ளக் கவலை. பெப்ரவரி, மார்ச் என்றால் வேளாண்மை வெட்டு. அவரிடம் போய் மார்ச் மாத இலக்கு என்னவென்று கேட்டால் சிரிப்பார். ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு, வீடு நிறைய ஆட்கள். மே, ஜூனில் ஊருக்கு ஊர் கண்ணகி அம்மன் சடங்கு. பிறகு கச்சான். கடலையைச் சொல்லவில்லை, காற்றைச் சொல்கிறேன். மத்தியானத்துக்குப் பிறகு அந்த வறட்டுக் காற்று அடிக்கத் தொடங்கினால் மூளை வரண்டுபோகும். அந்த மாதங்களுக்கு நான் ஒரு தத்துவ நூலைப் போட்டிருந்தேன். கவிதையோ சிறுகதையோ போட்டிருந்தால் பொழுதுபட்ட பிறகு முற்றத்தில் இருந்து ஒன்றிரண்டாவது படித்திருப்பேன்.

கல்முனையில் என்னோடு வேலை செய்யும் தோழி ஒருத்தி நோன்பு மாதத்தில் கதைப் புத்தகம் தொடுவதில்லை. அந்த மாதம் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னுக்கு நகர்ந்து வரும். ஆகவே போன ஆண்டுத் திட்டத்தை அப்படியே பிரதி பண்ண அவளால் முடியாது. வீட்டில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இருந்தால், அந்த வீட்டு நாட்காட்டியே வேறு. இதையெல்லாம் முதலில் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, மிஞ்சுகிற இடத்தில் புத்தகத்தை வையுங்கள். நான் இப்போது ஆண்டை மூன்றாகத்தான் பிரிக்கிறேன்: மழை, சித்திரைக்கு முன்பின், கச்சான். ஒக்டோபர் மட்டும் தனி. தேசிய வாசிப்பு மாதம் என்று நூலகங்களில் கண்காட்சி, போட்டி எல்லாம் நடக்கும். புதிதாக ஏதாவது இரவல் எடுக்க நல்ல சாட்டு.

சரி, பல்வகை என்ற விடயத்துக்கு வருவோம். என் பட்டியலில் யாழ்ப்பாணம் இருந்தது, சென்னை இருந்தது, மலேசியா இருந்தது, பெண் எழுத்தாளர்கள் இருந்தார்கள், மொழிபெயர்ப்பும் இரண்டு மூன்று இருந்தது. எவ்வளவு விரிந்த மனம் எனக்கு என்று நானே மெச்சிக்கொண்டேன். நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும் வரிசையில் நின்றபோதுதான் அதன் முதுகில் ஒட்டியிருந்த துண்டைக் கவனித்தேன்: 894.811. அதற்குக் கீழே இருந்ததிலும் 894.811. கையிலிருந்த மூன்றாவதிலும் அதே.

அது டூவி பகுப்பு எண். மெல்வில் டூவி என்ற அமெரிக்கர் 1876இல் வெளியிட்ட முறை. அறிவு முழுவதையும் பத்து நூறாகப் பிரிக்கிறது. 000 பொது, 100 மெய்யியலும் உளவியலும், 200 சமயம், 300 சமூக அறிவியல், 400 மொழி, 500 அறிவியல், 600 மருத்துவம் முதல் சமையல் வரையான பயன்பாட்டுத் துறைகள், 700 கலையும் விளையாட்டும், 800 இலக்கியம், 900 வரலாறும் புவியியலும். 894.811 என்பது தமிழ் இலக்கியம். வீட்டுக்கு வந்து கொப்பியை எடுத்துப் பார்த்தேன். யாழ்நூலையும் தத்துவ நூலையும் மொழிபெயர்ப்புகளையும் கழித்தால் மற்றதெல்லாம் அந்த ஒரே எண்ணுக்குள். ஊர் ஊராகச் சுற்றியதாக எண்ணி, ஒரே றாக்கைக்கு முன்னால் நின்றிருக்கிறேன்.

இப்போது நான் செய்வது மிக எளிது. இதுவரை முன்னால் நின்று பார்த்திராத நூறுகளில் இரண்டைத் தெரிவு செய்வேன், அங்கிருந்து ஆண்டுக்கு ஒவ்வொரு புத்தகம். முதல் முறை 600க்குப் போனேன். கீழ்த்தட்டு, குனிந்து பார்க்க வேண்டும், விரலில் தூசி ஒட்டியது. 630இல், அதாவது விவசாயத்தில், நெற்பயிர்ப் பூச்சிகளைப் பற்றி ஒரு பழைய புத்தகம். திகதித் தாளில் கடைசியாக அடித்திருந்த முத்திரை மங்கிப் பல வருடம் ஆகியிருந்தது. வயலைப் பற்றி மாமா சாப்பாட்டு நேரத்தில் கதைக்கும்போது இத்தனை காலமும் தலையை மட்டும் ஆட்டியவள், அதைப் படித்த பிறகு கபிலத்தத்திப் பூச்சியைப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது. பிறகு ஒரு மணித்தியாலம் கதைத்தார்.

இதன் மறுபக்கத்திலும் ஒரு குழி இருக்கிறது. பல்வகை, பல்வகை என்று ஒவ்வொரு புத்தகத்துக்கும் வேறு துறைக்குத் தாவினால் எதுவும் மனதில் ஒட்டாது. ஒரு நல்ல புத்தகம் முடிந்தால் அதன் தங்கச்சி எது, தாய் எது என்று தேட மனம் போகும். அந்த நேரத்தில் பட்டியலைக் காட்டி இழுத்து வரக் கூடாது. பதினேழில் எட்டை மட்டும் பெயர் குறித்து வைத்திருக்கிறேன். மற்ற ஒன்பதும் வெறும் கோடு.

ஆங்கில வாசகர்களின் பட்டியல்களை இணையத்திலிருந்து இறக்கி அப்படியே நிரப்புவதும் ஆகாத வேலை. பனி பெய்யும் ஊரில் நடக்கும் நாவல், விமான நிலையத்தில் வாங்கிய புத்தகம் என்றெல்லாம் அதில் இருக்கும். படிக்கலாம்தான், ஆனால் எங்கே போய் எடுப்பது? எனது கொப்பியில் பாதிக்குமேல் இந்தியப் பதிப்புகள். அங்கே நானூறு ரூபாய் என்றால், ஒரு இந்திய ரூபாய்க்கு எங்கள் காசில் மூன்றுக்கு மேல், அதோடு கொண்டு வரும் செலவும் சேர்ந்து கடையில் நிற்கும் விலையைக் கேட்டால் புத்தகத்தைத் திருப்பி வைக்கத்தான் தோன்றும். 2022இல் எங்கள் ரூபாய் விழுந்த பிறகு இது இன்னும் கடினமானது. பெயரை எழுத முன்னர் அது எங்கே கிடைக்கும் என்பதைப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்: வீட்டில், நூலகத்தில், இன்னாரிடம் இரவல். ஒன்றும் எழுத முடியாவிட்டால் அந்தப் பெயரை விட்டுவிடுங்கள். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற மின்னூலகத்தில் ஈழத்துத் தமிழ் நூல்களும் நின்றுபோன சிற்றிதழ்களும் இலவசமாகக் கிடக்கின்றன. போனில் எழுத்துச் சின்னதாகத்தான் தெரியும், போனைப் பக்கவாட்டில் திருப்பினால் சமாளிக்கலாம். மழைக்கு முன்னரே இறக்கி வைத்துவிட வேண்டும். சிக்னல் போன பிறகு தேடிப் பயனில்லை.

இன்னொன்றைச் சொல்லவே வெட்கம். என் பஸ் தினமும் பெரியநீலாவணையைத் தாண்டிப் போகிறது. கவிஞர் நீலாவணன் தன் பெயரை எடுத்த ஊர். சற்றுத் தள்ளிப் பாண்டிருப்பு, கவிஞர் சண்முகம் சிவலிங்கத்தின் ஊர். ஜன்னலோரம் இருந்து வேறெங்கோ நடக்கும் கதையைப் படித்துக்கொண்டு இந்த ஊர்களை நாளுக்கு இரண்டு முறை கடந்திருக்கிறேன். நாற்பத்தெட்டில் இந்த இருவரும் இல்லை.

பிடிக்காத புத்தகத்தை இடையில் விடக் கூடாது என்ற பிடிவாதத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததுதான். மார்ச்சில் என் திட்டம் செத்தது அந்த முக்கால்வாசிப் புத்தகத்தால். முடிக்கவும் முடியாமல், இன்னொன்றைத் தொடவும் மனமில்லாமல் ஐந்து வாரம் பையில் சுமந்தேன். நான்சி பேர்ள் என்ற அமெரிக்க நூலகர் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார். ஐம்பது பக்கம் படித்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள்; வயது ஐம்பதைத் தாண்டியவர் நூறிலிருந்து தன் வயதைக் கழித்து வரும் பக்கம் வரை படித்தால் போதும். வயது போகப் போக நேரம் அருமை.

அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. போன மழைக்கு இரண்டு நாள் கரண்ட் இல்லை. அரிக்கன் லாம்பை மேசையில் வைத்து ஒரு மொழிபெயர்ப்பு நாவலை அவருக்குச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தேன். கண்ணில் சத்திர சிகிச்சை செய்த பிறகு அவர் தானாக வாசிப்பதில்லை. பழைய திட்டத்தில் இப்படி வாசித்ததை நான் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன், மெதுவாகப் போகிறதே என்று. கண்ணகி கோயில்களில் கண்ணகி வழக்குரைக் காவியத்தை ஒருவர் படிக்கப் பத்து நூறு பேர் கேட்டு வந்த ஊரில் வளர்ந்துவிட்டு, வாசிப்பு என்றால் தனியே வாய் மூடிச் செய்வது என்று எப்படித்தான் நினைத்தேனோ.

இருபத்தொன்பதாம் பக்கம் வந்ததும் பேர்ளின் கணக்கைச் சொல்லி, "விடுவமா அம்மா?" என்று கேட்டேன்.

"பொறு புள்ள," என்றார். "அந்தப் பெட்டை கடிதத்தைக் குடுத்தாளா இல்லையா எண்டு பாத்துட்டு விடுவம்."

அவள் கடிதத்தைக் கொடுப்பது நூற்றுப் பதினான்காம் பக்கத்தில். அதற்குள் கரண்ட் வந்து, மின்விசிறி சுற்றத் தொடங்கி, லாம்பு அணைந்துபோனது. நாங்கள் மேசையை விட்டு எழும்பவில்லை. புதுக் கொப்பியில் இப்போது சரி போடுவதில்லை. புத்தகத்துக்கு ஒரு வரி எழுதுகிறேன். அந்த நாவலுக்கு எதிரே இருப்பது இவ்வளவுதான்: "மழை. அம்மா விட விடவில்லை. கடிதம் 114."