அடிபடும் சிறுவனுக்கு மந்திர வாளைக் கொடுக்கும் முன்: மாய சாகச நாவலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சக மாணவர்களிடம் கேலியும் அடியும் வாங்கும் பையன். ஒருநாள் அவன் முன்னால் வேறோர் உலகத்தின் கதவு திறக்கிறது. இந்தக் கருவை எடுப்பவர்கள் பலரும் மாய உலகத்துக்கு வரைபடம் போடுவதற்கும் அரக்கர்களுக்குப் பெயர் வைப்பதற்கும் மாதக்கணக்கில் உழைக்கிறார்கள். பள்ளிக்கூடத்தை மட்டும் இரண்டு பக்கத்தில் முடித்துவிடுகிறார்கள். நாவல் படுத்துவிடுவது பெரும்பாலும் அந்த இரண்டு பக்கத்தில்தான்.

ஒரே ஒரு அடிதடிக் காட்சி போதும் என்று நினைப்பதுதான் அங்கே நடக்கும் முதல் பிழை. ஸ்வீடனிலும் நார்வேயிலும் 1970களிலிருந்து இதை ஆராய்ந்த உளவியலாளர் டான் ஓல்வியூஸ், பள்ளிச் சீண்டலுக்கு மூன்று அடையாளங்கள் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்ப நடப்பது, இரு தரப்புக்கும் பலம் சமமாக இல்லாதது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வெறும் சண்டையாகிவிடும். 'ஏன் திருப்பி அடிக்கவில்லை, ஏன் டீச்சரிடம் சொல்லவில்லை?' என்று வாசகர் கேட்பார். பதில் காட்சிக்குள்ளேயே இருக்க வேண்டும். போன முறை அவன் சொன்னான். டீச்சர் இருவரையும் கைகுலுக்கச் சொன்னார். அன்று மாலை சைக்கிள் ஸ்டாண்டில் இரண்டு மடங்காக வாங்கினான்.

'தினமும் கேலிக்கு ஆளாகி மனமுடைந்தான்' என்று எழுதினால் எதுவும் தெரியாது. இப்படிப் பாருங்கள்: சாப்பாட்டு மணி அடித்ததும் டிபன் பாக்ஸைத் திறக்கிறான். சாதத்தின் மேல் சாக்பீஸ் தூள். சத்தமில்லாமல் மூடிப் பைக்குள் வைக்கிறான். சாயங்காலம் தெருக்குழாயில் பாக்ஸைக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைகிறான். யாரும் அழவில்லை. ஆனால் கழுவுவதே பழக்கமாகிவிட்டது என்றால் இது எத்தனை நாளாக நடக்கிறது என்று புரிந்துவிடும். தூவியவனை மட்டும் காட்டாதீர்கள். சிரித்தவன், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டவன் எல்லோரும் அந்த வகுப்பில்தான் இருக்கிறார்கள்.

கதை தமிழ்நாட்டுப் பள்ளியில் நடக்கிறது என்றால் சாதியைத் தொடாமல் தாண்டிப் போகாதீர்கள். மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையில் கட்டுவதைத் தடை செய்யச் சொல்லி நீதிபதி சந்துரு குழு 2024இல் பரிந்துரைத்தது. அந்த அளவுக்கு அது கண்ணெதிரே இருக்கும் விஷயம்.

அளவைப் பொறுத்தவரை, 50,000 சொல் நாவலில் கதவு திறப்பதற்கு முன் 7,000 முதல் 8,000 சொற்கள் எடுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டினால் இளம் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார்.

இனி, எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு: மாய சக்தியை அவமானத்துக்கு இழப்பீடாகத் தருவது. மிஹாயெல் எண்டே 1979இல் ஜெர்மன் மொழியில் எழுதிய 'முடிவில்லாக் கதை'யை இதற்காகவே படிக்கலாம். பாஸ்டியன் குண்டான, தாயில்லாத சிறுவன். வகுப்பில் எல்லோரும் கேலி செய்பவன். மாய உலகில் அவன் கேட்டதெல்லாம் கிடைக்கிறது: அழகு, பலம், துணிச்சல். ஆனால் ஒவ்வொரு விருப்பமும் அவனுடைய ஒரு நினைவைத் தின்றுவிடுகிறது. அழகானவன், தான் ஒருகாலத்தில் குண்டாக இருந்ததையே மறக்கிறான். கடைசியில் தன் நண்பனையே வாளால் காயப்படுத்துகிறான். அடிபட்டவன் அடிப்பவனாக மாறும் இடம் அது. உங்கள் நாவலில் சக்தி எதை விலையாகக் கேட்கும் என்பதை முதல் அத்தியாயம் எழுதும் முன்பே தீர்மானியுங்கள். சக்தி கிடைத்த இரண்டு மூன்று அத்தியாயங்களுக்குள் முதல் இழப்பு நடந்துவிட வேண்டும். அது மிகச் சிறியதாக, பையனுக்கு முன்னால் வாசகர் கவனிப்பதாக இருக்கட்டும்.

'நீயே தேர்ந்தெடுக்கப்பட்டவன்' என்று ஒரு முனிவரைச் சொல்ல வைப்பது சோம்பேறித்தனம். பையனிடம் ஏற்கெனவே இருப்பதைத் தேடுங்கள். காலடிச் சத்தத்தை வைத்தே வருவது யார் என்று கண்டுபிடிக்கக் கற்றிருப்பான். காட்டில் அது உதவும். ஆனால் 'பட்ட கஷ்டமெல்லாம் நல்லதுக்கே' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தத் திறமை பயத்தில் வந்தது. அவன் தூங்காத இரவுகளும் கூடவே வந்தன.

கதைசொல்லியும் கேலியில் சேரக்கூடாது. பையனின் உடலை வைத்து நகைச்சுவை செய்வதும், முடிவில் அவனை ஒல்லியாக்குவதும், கேலி செய்தவர்கள் சொன்னதே சரி என்று ஒப்புக்கொள்வதுதான். பாஸ்டியன் பழைய உடலோடுதான் திரும்புகிறான், மனநிறைவோடு.

திரும்பி வரும் காட்சியில் பழிவாங்கல் எளிதாகக் கைதட்டல் வாங்கும். 1984இல் வந்த திரைப்படத்தில் பாஸ்டியன் பறக்கும் டிராகன் மேல் வந்து, தன்னைச் சீண்டியவர்களைத் தெருவில் துரத்துகிறான். நாவலில் அப்படி இல்லை. எந்தக் கடையில் புத்தகத்தைத் திருடினானோ அந்தக் கடைக்காரரிடம் தானே போய் உண்மையைச் சொல்கிறான். அவனுக்குள் வந்த மாற்றம் அந்தச் சிறிய செயலில் தெரிகிறது. உங்கள் நாவலிலும் எதிரி வந்து மன்னிப்புக் கேட்கவும் தேவையில்லை, அவனுக்குக் குடிகார அப்பா என்று கடைசிப் பக்கத்தில் அவசரமாக ஒரு காரணம் ஒட்டவும் தேவையில்லை. முன்பு பள்ளிக் காட்சியில் வைத்த பொருளையே திரும்ப எடுங்கள். டிபன் பாக்ஸில் மறுபடியும் சாக்பீஸ் தூள் விழுகிறது. இந்த முறை அவன் தெருக்குழாயடியில் நிற்கவில்லை. கழுவாமல் கொண்டுபோய், அடுப்படியில் அம்மாவின் முன்னால் திறந்து வைக்கிறான்.