முப்பது பேருக்கும் பினாயில் கற்றுக்கொடுத்தால் யார் வாங்குவது? பயிலரங்கு நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொருக்குப்பேட்டையில் நான் முதன்முதலாக ஏற்பாடு செய்த பயிலரங்குக்கு 40 நாற்காலி வாடகைக்கு எடுத்திருந்தேன். 'சமூகத் தொழில்முனைவும் மக்கள் மேம்பாடும்' என்று பேனர், ஆளுக்கொரு ஃபைல், பேனா, சமோசா, டீ எல்லாம் தயார். வந்தவர்கள் 11 பேர். அதில் இரண்டு பேர் லோன் தருகிறார்கள் என்று நினைத்து வந்தவர்கள். இல்லை என்று தெரிந்ததும் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். பயிற்சியாளர் ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். பினாயில் செய்யக் கற்றுக்கொடுத்தோம். மிச்சமிருந்த 9 பேரும் ஆளுக்கு ஐந்து பாட்டில் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது ஓர் அக்கா சிரித்துக்கொண்டே கேட்டார்: "எல்லார் வூட்லயும் பினாயிலு இருக்குது சார். யார்கிட்ட விக்கச் சொல்றீங்க?"

வடசென்னையில் இந்தக் கேள்வி பல தெருக்களில் பல உருவங்களில் இருக்கிறது. பினாயில் போய் மெழுகுவர்த்தி வரும், மெழுகுவர்த்தி போய் துணிப்பை வரும், அப்புறம் காளான். வியாசர்பாடி, புளியந்தோப்பு, எண்ணூர் என்று எங்கே போனாலும் இரண்டு மூன்று சான்றிதழ் வைத்திருக்கும் பெண்களைப் பார்க்கலாம். சான்றிதழில் சொன்ன தொழிலைச் செய்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நானும் செய்த தவறுகள்தான் இவை, அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

பத்து மணிக்கு யார் வருவார்கள்?

காலை 10 முதல் மாலை 5 வரை, மதியச் சாப்பாட்டுடன் என்று அழைப்பிதழ் அடிப்பது முதல் தவறு. அந்த நேரம் நடத்துபவர்களுக்கு வசதி. அலுவலகங்களில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்ப்பவர்கள் விடிவதற்குள் பஸ் ஏறிவிடுகிறார்கள். காசிமேட்டில் மீன் எடுப்பவர்கள் இருட்டோடு ஏலத்துக்குப் போய், கூடையோடு தெருவில் உட்கார்ந்து, மதியம்தான் வீடு திரும்புகிறார்கள். வீட்டில் இருப்பவர்களுக்கும் தண்ணீர் லாரி எப்போது வரும் என்ற கவலை தனி. ஆக, அந்தப் பத்து மணி வகுப்புக்கு வருபவர்கள் யார்? குழுத் தலைவி கூப்பிட்டதால் தட்ட முடியாமல் வந்தவர்கள். நம் பயிற்சி யாருக்குப் பயன்படுமோ அவர் அந்த நேரத்தில் வியாபாரத்தில் இருப்பார்.

நேரத்தை அவர்களிடம் கேளுங்கள். எங்கள் அனுபவத்தில் பெண்களுக்கு மதியம் இரண்டரை முதல் நாலரை வரை ஒத்துவருகிறது. பள்ளி விடும் நேரத்தில் எழுந்துவிடுவார்கள், அதற்குள் முடித்துவிட வேண்டும். பையன்களுக்கு இரவு ஏழரைக்கு மேல், அதுவும் கேரம் கிளப் வாசலிலேயே வைத்துக்கொண்டால் நல்லது. இரண்டு முழு நாளைவிட ஆறு நாள் இரண்டிரண்டு மணி நேரம் எவ்வளவோ மேல்.

மீனவர் பகுதி என்றால் இன்னொரு காலண்டரும் உண்டு. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையேறிவிடும், 'சும்மாதானே இருப்பார்கள்' என்று அப்போது பயிலரங்கு வைப்பார்கள். கூட்டம் வரும், உண்மைதான். ஆனால் கையில் காசு புழங்காத இரண்டு மாதம் அது. கற்றுக்கொடுக்க நல்ல காலம், முதல் போடச் சொல்லக் கெட்ட காலம். இந்த வித்தியாசம் தெரியாமல் "அடுத்த வாரமே ஆரம்பியுங்கள்" என்று உற்சாகப்படுத்தினால், அவர்கள் வட்டிக்கு வாங்கித்தான் ஆரம்பிப்பார்கள்.

நேரம் இந்த வட்டாரத்துக்குப் புதுப் பிரச்சினையும் இல்லை. 1918-இல் பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்நாடிக் மில் தொழிலாளர்களுக்காக மெட்ராஸ் லேபர் யூனியன் உருவானபோது, மதியச் சாப்பாட்டுக்கு விடும் இடைவேளை போதவில்லை என்பது முதல் குறைகளில் ஒன்று. சங்கத்தின் தலைவர் பி.பி.வாடியா. ஆனால் அவர் வருவதற்கு முன்பே தொழிலாளர்களின் குறைகளைக் காது கொடுத்துக் கேட்டு, அவரிடம் கொண்டுபோனவர்கள் அந்த வட்டார வியாபாரிகளான செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படுவது இங்கே பிறந்தது. இதே ஊரில் வந்து நின்று, 'உங்களுக்கு ஒன்று சேரக் கற்றுக்கொடுக்கப் போகிறோம்' என்று முதல் ஸ்லைடு போடுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கூச்சமாக இருக்கும். வடசென்னை என்றாலே ரவுடி, குப்பை, பாவம் என்று ஆரம்பிப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு முன் வரிசையிலிருந்தே பதில் கிடைத்துவிடும்.

தண்டல்காரரைத் திட்டுவதற்கு முன்

நிதி பற்றிய வகுப்பு என்றால் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: கந்துவட்டி வாங்காதீர்கள், தண்டல் (தினமும் வசூலிக்கும் கடன்) வாங்காதீர்கள், வங்கிக்குப் போங்கள். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள். மறுநாள் தண்டல் வாங்குவார்கள்.

ஒருமுறை நான் இந்தப் பாட்டைப் பாடி முடித்ததும், காசிமேட்டில் மீன் எடுத்து விற்கும் ஒரு வயதான அம்மா எழுந்து, தன் கணக்கைச் சொன்னார். எழுதுவது 10,000. கையில் கொடுப்பது 9,000. நாளுக்கு 100 ரூபாய், 100 நாள். வசூலுக்கு ஆள் கூடை பக்கத்திலேயே வந்து நிற்பார், சின்ன அட்டையில் கட்டம் போட்டுக் கொடுப்பார். நான் போர்டில் கணக்குப் போட்டு, வருஷத்துக்கு மாற்றினால் வட்டி 75 சதவீதத்துக்கு மேல் போகிறது என்று காட்டினேன். அவர் அசரவில்லை. "தெரியும் தம்பி. ஏலத்துல ரொக்கம் வெச்சாத்தான் மீனு. விடிகாலம் நாலு மணிக்கு உன் பேங்க் தெறந்திருக்குமா?"

எனக்குப் பதில் இல்லை. அவர் வாங்குவது வெறும் கடன் கிடையாது. கேட்ட மறுநாளே வரும் பணம், ஃபாரம் இல்லாத பணம், தினமும் வாசலுக்கு வந்து வாங்கிக்கொள்ளும் தவணை, இதற்கெல்லாம் சேர்த்துத்தான் அந்த விலை. மாற்று வேண்டும் என்றால் இந்த மூன்றில் இரண்டையாவது அது கொடுக்க வேண்டும். சென்னையில் 1978-இல் ஜெயா அருணாசலம் தொடங்கிய ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம் இந்தச் சுவரில்தான் முட்டியது. தெருவோர வியாபாரப் பெண்களை முதலில் வங்கிகளோடு இணைத்துப் பார்த்தார்கள். அப்புறம் சில வருடங்களில் தங்களுக்கென்று ஒரு கடன் கூட்டுறவுச் சங்கத்தையே ஆரம்பித்தார்கள்.

நான் இப்போது வகுப்பில் தண்டலைத் திட்டுவதில்லை. ஒவ்வொருவரையும் ஒரு வாரக் கணக்கை எழுதச் சொல்கிறேன்: சரக்கு எவ்வளவு, ஐஸ் எவ்வளவு, ஆட்டோ எவ்வளவு, தண்டல் எவ்வளவு, வீட்டுக்கு எடுத்தது எவ்வளவு. எழுதி முடித்ததும் யாரோ ஒருவர் அமைதியாகிவிடுவார். பேச்சு அங்கிருந்து தொடங்கினால் போதும். தண்டலுக்குப் போகும் 100 ரூபாயில் பத்து ரூபாயாவது குழுச் சேமிப்புக்கு மாறுமா என்று அவர்களே கணக்குப் போடுவார்கள்.

'குழு' என்ற சொல்லையும் பார்த்துப் பயன்படுத்துங்கள். 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் 1997-இல் 'மகளிர் திட்டம்' வழியாகப் பல மாவட்டங்களுக்குப் பரவியபோது, குழு என்றால் சேமிப்பு. இப்போது இங்கே பல தெருக்களில் குழு என்றால் நுண்கடன் கம்பெனிக்காரர் வந்து உட்கார்ந்து டியூ வசூலிப்பது. "குழு சேருங்கள்" என்றால் பாதிப் பேர் கதவைச் சாத்துவார்கள், மீதிப் பேர் எவ்வளவு லோன் என்று கேட்பார்கள். 'பயனாளி' என்ற சொல்லையும் விட்டுவிடலாம். இருபது வருடமாகத் தள்ளுவண்டி நடத்தும் ஒருவரைப் பயனாளி என்று கூப்பிட்டால், அவருக்குத் தெரிந்த தொழிலைப் பற்றி நீங்கள் கேட்கவே மாட்டீர்கள்.

பொருளைத் தேர்ந்தெடுப்பது

பினாயில் விஷயத்துக்கு வருகிறேன். ஒரே தெருவில் முப்பது பேருக்கு ஒரே பொருளைக் கற்றுக்கொடுத்தால், முப்பது போட்டியாளர்களை உருவாக்கி, வாடிக்கையாளர்களையும் அவர்களாகவே ஆக்கிவிடுகிறோம். இவ்வளவு எளிய விஷயத்தை ஏன் எல்லோரும் மறக்கிறோம்? பயிற்சியாளருக்குத் தெரிந்த பொருள் அது, அவ்வளவுதான். மூலப்பொருள் பாரிமுனையில் கிடைக்கும், ஒரே நாளில் செய்து காட்டிவிடலாம், ஃபோட்டோவில் நன்றாக விழும்.

ஏற்கெனவே விற்கும் பொருளில் ஒரு படி ஏற்றுவது பெரும்பாலும் பலன் தருகிறது. கருவாடு ஓர் உதாரணம். மணலில் பரப்பிக் காயவைத்தால் மண் ஒட்டும், நாய், கோழி மிதிக்கும். கம்பு நட்டு வலை கட்டி, தரைக்கு மேலே காயவைத்தால் அடியிலும் காற்றுப் போய்ச் சீக்கிரம் காயும், பார்க்கவும் சுத்தமாக இருக்கும். உப்பின் அளவு, அரைக் கிலோ பாக்கெட், தேதி போட்ட லேபிள், உணவுப் பாதுகாப்புப் பதிவு. இவ்வளவுதான் பாடத்திட்டம். தொழில் அவர்களுக்குத் தெரியும். நமக்குத் தெரிந்தது லேபிளும் பதிவும். இட்லி மாவு, அத்தோ (பர்மா நூடுல்ஸ்) கடை, பிளவுஸ் தைப்பது, எதுவானாலும் இப்படி ஒரு படி இருக்கும்.

பதிவு என்றதும் ஒன்று. வகுப்பு முடிந்த சூட்டில் நாலு பையன்கள் சேர்ந்து முதலில் ஓடுவது டிரஸ்ட் பதிவு செய்யத்தான். லெட்டர்பேட் வரும், முத்திரை வரும், அப்புறம் ஆடிட்டர் ஃபீஸ் வரும். சங்கமாகப் பதிய வேண்டும் என்றால் தமிழ்நாட்டுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் வேண்டும், வருடா வருடம் கணக்குக் காட்ட வேண்டும். விற்பனையே இல்லாமல் இதெல்லாம் எதற்கு? சின்னத் தொழிலுக்கு மத்திய அரசின் உத்யம் பதிவு ஆரம்பத்துக்குப் போதும். 2020 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் அந்தப் பதிவுக்கு அரசுக் கட்டணம் எதுவும் கிடையாது. அதற்கே ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு செய்துதரும் ஆட்கள் இருக்கிறார்கள். இதை வகுப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

இடம் பற்றிச் சுருக்கமாக. நுங்கம்பாக்கத்து ஹோட்டல் ஹால் வேண்டாம். ஆனால் பக்கத்திலேயே இருக்கும் சமுதாயக் கூடம் என்பதால் எல்லோரும் வந்துவிடுவார்கள் என்றும் நினைக்க வேண்டாம். எந்தத் தெரு ஆட்கள் எந்த மண்டபத்துக்குள் கால் வைக்க மாட்டார்கள் என்று ஒரு டீக்கடைக்காரருக்குத் தெரியும். அவரை விசாரியுங்கள்.

எல்லாவற்றுக்கும் தொழில்முனைவு மருந்தாகாது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு சேர்ந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் எண்ணெய் பரவியது. படகில் எண்ணெய், வலையில் எண்ணெய். இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு மீனவக் குடும்பத்திடம் போய் 'மாற்று வாழ்வாதாரப் பயிற்சி' என்றால் அவர்கள் காதில் எப்படி விழும்? ஆற்றை விட்டுவிடு, மெழுகுவர்த்தி செய் என்றுதான் விழும். இழப்பீடு, குடிநீர், பட்டா, தெருவோர வியாபார அடையாள அட்டை என்று கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு. அவற்றுக்குப் பதிலாகத் தொழில் வகுப்பை வைப்பது எனக்கு நேர்மையாகப் படவில்லை. 2014-இன் தெருவோர வியாபாரிகள் சட்டம் என்ன சொல்கிறது என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தாலே சிலருக்கு அது பெரிய பயிற்சி.

கடைசியாக, எதை எண்ணுகிறோம் என்பது. வந்தவர் எத்தனை, சான்றிதழ் எத்தனை, ஃபோட்டோ எத்தனை என்பதைத்தான் பணம் கொடுப்பவர்கள் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். உங்கள் நோட்டில் வேறு மூன்றை எழுதுங்கள். மூன்றாவது மாதம் எத்தனை பேர் விற்கிறார்கள்? ஒருமுறை வாங்கியவர் மறுபடி வாங்கினாரா? நிறுத்தியவர் ஏன் நிறுத்தினார்? மூன்றாவதற்குத்தான் நிறையப் பக்கம் வேண்டியிருக்கும். அந்த மூன்றாவது மாதப் பயணத்துக்கும் பட்ஜெட்டில் பணம் ஒதுக்குங்கள். பேனருக்கு ஒதுக்குகிறோம், இதற்கு ஒதுக்குவதில்லை.

கொருக்குப்பேட்டையில் பினாயில் கற்றுக்கொண்ட அந்த 9 பேரில் ஒருவர் மட்டும் இன்னும் விடாமல் விற்கிறார். தெருவில் இல்லை, இரண்டு கல்யாண மண்டபங்களுக்கு ஐந்து லிட்டர் கேனில் போடுகிறார். எப்படி அந்த மண்டபங்களைப் பிடித்தீர்கள் என்று கேட்டேன். அவர் வீட்டுக்காரர் அங்கே பந்தல் போடுபவராம். வகுப்புக்கு வந்த அன்று நாங்கள் பெயர், வயது, ஆதார் எண் எல்லாம் எழுதி வாங்கினோம். வீட்டில் யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை.