இணையதளப் பாதுகாப்புச் சான்றிதழ்: விலைக்கு முன் பார்க்க வேண்டியவை

வேலூர், ஆம்பூர், இராணிப்பேட்டைப் பகுதிகளில் தோல்பொருள் ஏற்றுமதி செய்வோரும் சிறு கடைக்காரர்களும் தங்கள் இணையதளத்துக்கு எஸ்எஸ்எல் சான்றிதழ் (தளத்துக்கும் பார்வையாளருக்கும் இடையே செல்லும் தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்க உதவும் மின்னணுச் சான்று) வாங்கும்போது, விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்று எண்ணிவிடுகின்றனர். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற வழங்குநர் இலவசமாக வழங்கும் சான்றிதழிலும் ஆயிரக்கணக்கில் விலைபோகும் சான்றிதழிலும் தகவல் மறையாக்கம் ஒரே தரத்தில்தான் நடைபெறுகிறது. நிறுவனத்தின் பெயரையும் பதிவையும் சரிபார்ப்பதற்கே பெரும்பாலும் கூடுதல் கட்டணம். அப்பெயரை முகவரிப் பட்டையில் காட்டும் வழக்கத்தைக் குரோமும் பயர்பாக்ஸும் 2019இலேயே கைவிட்டதால், அந்தச் செலவு வாடிக்கையாளரின் கண்ணில் படுவதே அரிது.

முதலில் பார்க்க வேண்டியது, குரோம், பயர்பாக்ஸ் போன்ற உலாவிகள் அந்தச் சான்றிதழை ஏற்குமா என்பதே. ஒவ்வொரு உலாவியும் தான் நம்பும் வழங்குநர்களின் பட்டியலை வைத்துள்ளது. பெரிய பெயர் என்பதற்காக அதில் நிரந்தர இடம் கிடைப்பதில்லை. பெரிய வழங்குநராக இருந்த சைமன்டெக் நிறுவனத்தின் பழைய சான்றிதழ்களை 2018இல் குரோம் ஏற்க மறுத்தது. மறுபுறம், ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்தைய கைப்பேசிகளில் குரோம் வழியாகத் திறந்தால் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழுக்கு எச்சரிக்கை வரலாம். அலுவலகக் கணினியில் ஒழுங்காகத் திறக்கும் தளம் புதிய கைப்பேசியிலும் எச்சரிக்கை காட்டினால், சான்றிதழை மாற்றுவதற்கு முன், உங்கள் சான்றிதழை உலாவி நம்பும் வழங்குநருடன் இணைக்கும் இடைநிலைச் சான்றிதழ் சர்வரில் நிறுவப்பட்டுள்ளதா என்று தளத்தைப் பராமரிப்பவரிடம் கேளுங்கள். பெரும்பாலும் குறை அங்கேதான் இருக்கும்.

மூன்றாண்டுத் திட்டம் மலிவு என்று விற்பனையாளர் சொன்னாலும், 2026 மார்ச் 15 முதல் வழங்கப்படும் எந்தச் சான்றிதழுக்கும் அதிகபட்ச ஆயுள் 200 நாள்களே என்பதால், இடையிடையே புதுப்பித்து நிறுவும் பொறுப்பு யாருடையது என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.