பொத்தானுக்கு ஒரு நியாயம், கடிகாரத்துக்கு ஒரு நியாயம்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் துணிக்கடை ஒன்றுக்குத் தினமும் விற்பனை அறிக்கை அனுப்பும் வேலையை, நிரல்களைத் தானாக ஓட்டித் தரும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் அமைத்திருந்தேன். நானே பொத்தானை அழுத்தினால் ஒழுங்காக வரும். அட்டவணைப்படி ஓடினாலோ வெற்றுத் தாள். அதுவும் இரவு 2 மணிக்கு அல்ல, காலை 10 மணிக்கு! "தம்பி, நேற்று ஒன்றுமே விற்கவில்லையா?" என்றார் கடைக்கார அண்ணன்.

நேரக் குழப்பம் எளிது. அட்டவணை இயல்பாக யுடிசி என்ற உலகப் பொது நேரத்தைப் பார்க்கிறது, மலேசியா அதற்கு 8 மணி நேரம் முன்னால். அட்டவணையில் 2 மணி என்பதை 18 மணி ஆக்கினேன்; அது இங்கே இரவு 2. தேதிக் கணக்கையும் கோலாலம்பூர் நேரத்துக்கு மாற்றினேன்.

வெற்றுத் தாளுக்குத்தான் இரண்டு நாள் போனது. கடையின் கிளை எண்ணை யாரும் தராவிட்டால் எடுத்துக்கொள்ள நான் எழுதிவைத்த இயல்பு மதிப்பு, கையால் இயக்கும்போது மட்டுமே நிரம்புகிறது. அட்டவணை ஓட்டத்தில் அந்த இடம் காலி. பிழைச் செய்தி கிடையாது, எல்லாம் சரி என்று பச்சை டிக் வேறு! இப்போது முதல் படியே காலியிடத்தை நிரப்பிவிடுகிறது. மற்ற படிகள் அதை மட்டுமே படிக்கின்றன.